பூஜ்யம் பில் வீட்டுக்கு ஒரு பேட்டரி

“பில்லே பூஜ்யமா வருது. இதுல பேட்டரி வேற வெச்சு எதைங்க மிச்சம் புடிக்கப் போறீங்க?”

மீட்டர் அளவெடுக்க வந்தவர் கேட்ட கேள்வி இது. கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி மலைக்கு வந்தவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வாசலுக்கு வந்து, வெள்ளை அட்டையில் அளவை எழுதி, தொகை என்ற இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டு அம்மாவிடம் நீட்டுவார். அன்று நான் நோட்டும் பேனாவுமாக நின்று, வீட்டுக்கு பேட்டரி வைத்தால் மானியம் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. மிச்சம் பிடிக்க இல்லீங்க, வேலைக்கு என்றேன். வீட்டுக்குள் என்ன வேலை என்பதுபோல ஒருமுறை எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் வேலை என்றேன். தலையாட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. நான் மலைமேலேயே இருக்கும் செம்மேட்டில் பள்ளி முடித்து, கீழே விடுதியில் தங்கிப் பட்டம் வாங்கி, சேலத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை. ஒரு வருடம் கழித்து, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். நெட் கேபிள் எங்கள் ஊர் வரை வந்திருந்தது. மறுவாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எங்கள் மலையில் படித்தவர்கள் எல்லாரும் கீழே போகிறார்கள். நான் படித்துவிட்டு மேலே வந்தவள். இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காலையில் ஹெட்போனை மாட்டும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பேட்டரிப் பேச்சு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் ஐந்து தடவை வேலை நேரத்தில் என் நெட் அறுந்துபோயிருந்தது. ஒவ்வொரு தடவையும் போனில் டீம் லீடருக்கு, கரண்ட் போய்விட்டது என்று செய்தி அனுப்பினேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவரே கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மாதக் கடைசிக்குள் இரண்டு காகிதம் வேண்டும் என்றார். ஒன்று, இந்த ஐந்து நாளும் கரண்ட் இல்லை என்று கரண்ட் ஆபீஸில் எழுதி வாங்கிய கடிதம். இன்னொன்று, இனிமேல் கரண்ட் போனாலும் வேலை நிற்காது என்பதற்கு பேட்டரி வாங்கிய ரசீது. இரண்டும் இல்லையென்றால் அடுத்த மாதத்திலிருந்து சேலம் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

சேலம் என்றால் மறுபடியும் விடுதி. ஆறு பேர் படுக்கும் அறை. சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகும். அதைவிட, ஊரில் எல்லாரும் எதிர்பார்த்தபடி நானும் கீழே போய்விட்டேன் என்றாகிவிடும். என்னால் அதைத்தான் தாங்கமுடியாது என்று தோன்றியது.

பேட்டரி வாங்குவது எனக்கு ஒரு பெரிய காரியமாக அப்போது தெரியவில்லை. தினமும் நூற்றைம்பது பில் படிக்கிறவள் நான். நாலு கடையில் விலை கேட்டு, மானியத்தைக் கழித்து, எது குறைவோ அதை வாங்கினால் முடிந்தது என்று நினைத்தேன். நோட்டில் நாலு பக்கத்துக்குக் கோடு போட்டேன்.

முதல் பக்கம் செம்மேட்டுக் கடை. இன்வெர்ட்டரும், தண்ணீர் ஊற்றுகிற பெரிய பேட்டரியும் சேர்த்து இருபத்து நாலாயிரம். இரண்டாம் பக்கம் நாமக்கல் கடைக்காரர். லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிற இன்வெர்ட்டர், முப்பத்தெட்டாயிரம். மூன்றாம் பக்கமும் அவருடையதுதான். கூரையில் ஒரு கிலோவாட் சோலார் பலகை, எழுபத்தைந்தாயிரம். நாலாம் பக்கம், சோலாரும் பேட்டரியும் சேர்ந்தது, ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்.

இனி கழிப்பதுதான் பாக்கி. ஆங்கிலத்தில் தேடினேன். மானியமும் வரிச்சலுகையும் போக வீட்டு பேட்டரிக்கு என்ன செலவாகும் என்று வரிசையாக ஒப்பிட்டுக் காட்டும் பக்கங்கள் நிறைய வந்தன. ஒரு பக்கத்தில், பேட்டரி விலையில் முப்பது சதவீதத்தை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. முப்பத்தெட்டாயிரத்தில் முப்பது சதவீதம் பதினோராயிரத்து நானூறு. கழித்தால் இருபத்தாறாயிரத்து அறுநூறு. லித்தியம் பேட்டரி ஏறக்குறைய செம்மேட்டு பேட்டரி விலைக்கே வருகிறது! நேராக அப்பாவிடம் போய் வாசித்துக் காட்டினேன். மரவள்ளிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“எந்த வரி கண்ணு அது? ஊட்டு வரியா?” என்று கேட்டார்.

இருக்கலாம் என்று நினைத்து, பஞ்சாயத்தில் கட்டிய வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த தொகையில் பதினோராயிரத்தை எங்கே கழிப்பது? பிறகு நாமக்கல் கடைக்காரரை போனில் கூப்பிட்டு, வரிச்சலுகைக்கு என்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று கேட்டேன். நான் அனுப்பிய பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சிரித்தேவிட்டார்.

“மேடம், இது அமெரிக்காவுங்க. நீங்க அங்கயா இருக்கீங்க?”

காது சூடாகிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால், நான் அங்கேதான் இருக்கிறேன் என்றும் பட்டது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அந்த ஊர்ப் பெயர்கள், அவர்களுடைய இன்சூரன்ஸ், அவர்களுடைய தள்ளுபடிகள்தான் என் கண்ணில் படுகின்றன. டாலர் குறி எனக்கு அன்னியமாகவே தெரியவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தும் அது என் நாட்டுக்கு எழுதியதல்ல என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த நாட்டிலும் சட்டம் அடிக்கடி மாறுமாம், இப்போதும் அந்தச் சலுகை இருக்கிறதா என்பதே சந்தேகம் என்றார் கடைக்காரர். நானோ இங்கே வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே வாங்கவில்லை. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? மீட்டர்காரர் கேட்ட கேள்வி வேறு உருவத்தில் திரும்பி வந்து நின்றது.

சரி, நம் நாட்டு மானியத்துக்கு வருவோம் என்று அவரே விளக்கினார். இங்கே மானியம் உண்டு, ஆனால் கூரையில் வைக்கும் சோலார் பலகைக்கு மட்டும்தான். ஒரு கிலோவாட்டுக்கு முப்பதாயிரம், வங்கிக் கணக்கில் வந்துவிடும். பேட்டரிக்குச் சல்லிக்காசு கிடையாது. நாலாம் பக்கத்தில் பேட்டரியும் இருந்தாலும், மானியம் பலகைக்கு உரியது மட்டும்தான். அப்புறம் இரண்டாம் பக்கத்தில் நான் எழுதிய முப்பத்தெட்டாயிரம் ஜி.எஸ்.டி. சேராத விலை. சேர்த்தால் நாற்பத்து நாலாயிரத்து எண்ணூற்று நாற்பது. மற்ற பக்கங்களில் இருந்ததெல்லாம் ஜி.எஸ்.டி. சேர்ந்த விலை. ஒரு பக்கம் உரித்த காயையும் மறுபக்கம் தோலோடு இருக்கிற காயையும் வைத்து எடை போட்டிருக்கிறேன்.

புதிதாக எழுதினேன். மானியம் போக சோலார் பலகை நாற்பத்தைந்தாயிரம். மானியமே இல்லாத லித்தியம் பேட்டரியும் ஏறக்குறைய நாற்பத்தைந்தாயிரம். இரண்டும் ஒரே விலை. அப்படியென்றால் சோலார்தானே லாபம்? இருபத்தைந்து வருடம் உழைக்கும் என்கிறார்கள், அரசாங்கமும் பணம் தருகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சோலாருக்கே சொல்லிவிடலாமா என்று கேட்டேன். கடைக்காரர் கொஞ்சம் தயங்கி, “கரண்ட் போனா அதுவும் நின்னுரும், பரவாயில்லீங்களா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. வெயில் அடித்துக்கொண்டே இருந்தாலுமா? ஆமாம், அடித்தாலும்தான். நம் கூரையில் உண்டாகிற கரண்ட், தெருக் கம்பத்து லைனோடு சேர்ந்தே ஓடுமாம். லைன் செத்திருக்கும்போது நம் வீட்டிலிருந்து கரண்ட் உள்ளே போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஆபத்து. அதனால் லைன் போன நொடியிலேயே அது தானாக நின்றுவிடும். கரண்ட் போகும்போது வேலை செய்யத்தான் நான் பணம் செலவு செய்யப் போகிறேன். அந்த நேரத்தில் மட்டும் வேலை செய்யாத பொருளுக்கு அரசாங்கம் முப்பதாயிரம் தருகிறது. அந்த நேரத்தில் மட்டுமே வேலை செய்யும் பொருளுக்கு ஒன்றும் தருவதில்லை. அப்படியானால் அந்தச் சோலார் யாருக்கு என்று கேட்டேன். மாதாமாதம் ஆயிரக்கணக்கில் பில் கட்டுகிறவர்களுக்கு, அதைக் குறைத்துக்கொள்வதற்கு என்றார். எங்கள் பில் பூஜ்யம்.

இதற்குள் சாயங்காலமாகிவிட்டது. கூரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். எடுத்து அனுப்பினேன். வீட்டுக்குத் தெற்கே நிற்கும் இரண்டு சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துவிட்டு, அவற்றை வெட்டாமல் பலகை வைத்துப் பிரயோஜனம் இல்லை என்று பதில் போட்டார். அந்த இரண்டு மரத்திலும் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. இந்த வருடத்து மிளகைக் கொடியிலேயே வியாபாரிக்கு விலை பேசியாகிவிட்டது. பறித்து முடிக்கும் வரை அந்த மரத்தில் ஒரு கிளையைக்கூட நாங்கள் தொடக் கூடாது. அது பேச்சு. அப்பாவிடம் சொன்னபோது, “மரத்த வெட்டிப்போட்டு வெயில வெலைக்கு வாங்கோணுமாக்கும்” என்றார். மூன்றாம் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

மீதி இரண்டு. எந்த அளவில் பேட்டரி வேண்டும் என்று தெரிந்தால் முடிவு செய்துவிடலாம். கடந்த ஆறு பில்களை அனுப்பச் சொன்னார் கடைக்காரர். அனுப்பினேன். இரண்டு மாதத்துக்கு எழுபத்தெட்டு யூனிட், எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது. ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப் எல்லாம் இருக்கிற வீட்டில் இவ்வளவு குறைவாகவா என்று ஆச்சரியப்பட்டார். எங்கள் வீட்டில் சிக்கனம் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியென்றால் கரண்ட் எந்தெந்த நாளில் எத்தனை மணி நேரம் போனது என்று எழுதி அனுப்புங்கள், அதை வைத்துக் கணக்குப் போடலாம் என்றார்.

அது சுலபம். எப்படியும் கரண்ட் ஆபீஸில் கடிதம் வாங்க வேண்டும். கம்பெனியின் பதிவிலிருந்து ஐந்து தேதிகளையும், நெட் அறுந்த நேரத்தையும், திரும்பி வந்த நேரத்தையும் எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எனக்கு மட்டும் விடுமுறையான நாளொன்றில் செம்மேட்டுக்குப் போனேன். அங்கே இருந்த லைன்மேன் எங்கள் பக்கத்து ஆள். அவர்களுடைய பதிவேட்டை விரித்துவைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார். முதல் தேதி சரி, காற்றில் மரம் விழுந்த நாள். இரண்டாவது தேதிக்கு உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதும் ஐந்தாவதும் சரி. ஐந்தாவது, மழையில் கம்பம் சாய்ந்து ஒன்றேகால் நாள் இருட்டாகக் கிடந்தது, எல்லாருக்கும் நினைவிருந்தது. நாலாவதுக்கு மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த ரெண்டு நாளும் லைன் போகவே இல்லீங்க. நல்லா ஓடிட்டிருந்துச்சு.”

போனது என்றேன். நான் வீட்டில்தான் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றேன். படித்தவள் என்கிற தோரணையில் கொஞ்சம் குரலை உயர்த்தியும் பேசினேன். உங்கள் பதிவேட்டில் விட்டுப்போயிருக்கும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மூன்று நாளுக்குத்தான் கடிதம் தர முடியும், வேண்டுமானால் பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மண்டை குழம்பிக் கிடந்தது. பதிவேடு பொய் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? பதிவேடு உண்மை என்றால் நான் டீம் லீடருக்கு அனுப்பிய ஐந்து செய்தியில் இரண்டு பொய். அந்த இரண்டு நாளிலும் என்ன நடந்தது என்று நிதானமாக யோசித்தேன். நான் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தேன். நெட் நின்றது. முன்னறைக்கு வந்து பார்த்தேன். டிவிக்குக் கீழே மோடம் இருட்டாக இருந்தது. கரண்ட் இல்லை என்று முடிவு கட்டினேன். ஏன் அப்படி முடிவு கட்டினேன்? எங்கள் வீட்டில் பகலில் விளக்கு எரியாது. மின்விசிறியே கிடையாது, மலையில் தேவைப்படாது. லேப்டாப்பைக் காலையில் சார்ஜ் ஏற்றி, நிறைந்ததும் பிடுங்கிவிடுவேன், அம்மா பழக்கிய பழக்கம். ஃபிரிட்ஜையும் காலையில் அம்மா பிடுங்கி வைத்துவிடுவார், பிற்பகலில்தான் திரும்ப மாட்டுவார். ஆக, கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று காட்டிக்கொடுக்க வீட்டில் ஒரு பொருள்கூட இல்லை. மோடம் ஒன்றுதான்.

மறுநாள் வேலை நேரத்தில் பின்னறைக் கதவை ஒரு விரல்கடை திறந்தே வைத்திருந்தேன். பதினொரு மணி வாக்கில் அம்மா காட்டுக்குக் கிளம்பினார். சேலையை இழுத்துச் செருகி, அரிவாளை எடுத்தார். அடுப்பைப் பார்த்தார். சமையல் மேடைக்கு மேலே உள்ள சுவிட்சைப் பார்த்தார். பிறகு முன்னறைக்குள் வந்து, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலேயே ஒரு சுவிட்சைத் தட்டினார். என் திரையில் நெட் அறுந்தது.

“அம்மா” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா பயந்து அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்.

“என்ன சாமி?”

“எதுக்கு அதை அணைச்சீங்க?”

“டிவி ஓடல. நீயும் கதவச் சாத்திட்டு உள்ள இருந்த. அது மட்டும் சும்மா மினுக்கிட்டுக் கெடந்துச்சு.”

உடனே சுவிட்சைப் போட்டேன். மூன்று நிமிடத்தில் நெட் வந்துவிட்டது, நல்லவேளையாக அது பதிவாகவில்லை. எல்லா நாளும் அம்மா இப்படிச் செய்வதில்லை. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று பட்டால்தான். மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துப் பார்த்து, இப்படியே போனால் இலவச நூறு யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று தோன்றினால் வீட்டில் மினுக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். முதல் தடவை அணைத்தபோதும் சரி, இரண்டாவது தடவையும் சரி, காட்டிலிருந்து வந்ததும் அவரே போட்டுவிட்டிருக்கிறார். நானோ கரண்ட் வந்துவிட்டது என்று வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே வந்ததில்லை.

உங்களால் என் வேலை போகப் போகிறது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா உள்ளே போய், ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே வெள்ளை அட்டைகள். இந்த வீடு கட்டி கரண்ட் வந்த நாளிலிருந்து எல்லாம் இருந்தன. தொகை என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். எழுத்து தெரியாத அம்மாவுக்கு இந்த ஒரு பத்தியைப் படிக்கத் தெரியும். ஒரு தடவை நூறைத் தாண்டிவிட்டால் இலவசம் அத்தோடு போய்விடும், அப்புறம் காலம் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ரேஷன் கடை வரிசையில் யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் காவல் காத்திருக்கிறார்.

அப்படி இல்லை, தாண்டினாலும் முதல் நூறு யூனிட் இலவசம்தான், மேலே போனதற்கு மட்டும்தான் கட்ட வேண்டும், இருபது யூனிட் தாண்டினால் நூறு ரூபாய்கூட ஆகாது என்று விளக்கினேன். நானும் அதை முதல்நாள்தான் தேடிப் படித்திருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“அமெரிக்காக்காரன் வரியில கழிச்சுக் குடுப்பான்னும் நீதான சொன்ன.”

அடுத்த விடுமுறைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு செம்மேட்டுக்குப் போனேன். கடிதத்தையும் வாங்க வேண்டும், ஆபீஸர் வாயால் சொன்னால்தான் நம்புவேன் என்றும் அம்மா சொல்லிவிட்டார். நான் முதலில் லைன்மேனைத் தேடிப் போய், பதிவேடு சரிதான், தப்பு எங்கள் வீட்டில்தான் என்று சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மூன்று தேதிகள் போட்ட கடிதத்தை எடுத்துத் தந்தார்.

பக்கத்து மேசையில் எங்கள் மீட்டர்காரரே உட்கார்ந்திருந்தார். அம்மா மடியிலிருந்து அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்து, தன் சந்தேகத்தைக் கேட்டார்.

“நூறுக்கு மேல போனா, மேல போனதுக்கு மட்டுந்தாங்கம்மா. அடுத்த தடவ குறைஞ்சா மறுபடியும் பூஜ்யந்தான்.”

“அப்ப இத்தன வருசமா நான் ஃபிரிட்ஜப் புடுங்கிப் புடுங்கி வெச்சதுங்க?”

அவர் அட்டையை அம்மாவிடம் திருப்பித் தந்தார். பேட்டரி வாங்கியாச்சுங்களா என்று என்னிடம் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

உண்மையில் அப்போதுதான் குழப்பம் அதிகமாகியிருந்தது. ஐந்தில் இரண்டு தடவை கரண்டே போகவில்லை என்றால் எனக்கு பேட்டரி வேண்டுமா வேண்டாமா? திரும்பும் வழியில் செம்மேட்டுக் கடையில் விசாரித்தேன். மோடத்துக்கு மட்டும் ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது, இரண்டாயிரம் ரூபாய், நாலு மணி நேரம் தாங்கும் என்றார்கள். லேப்டாப்பும் தன் சார்ஜில் மூன்று மணி நேரம் ஓடும். மரம் விழுந்த நாளையும் மூன்றாவது தேதியையும் அதைவைத்தே சமாளித்திருக்கலாம். ஆனால் கம்பம் சாய்ந்த அந்த ஒன்றேகால் நாளை முடியாது. மழைக்காலம் இன்னும் முடியவில்லை. ஒரு நாளுக்காக நாற்பத்தைந்தாயிரமா? அந்த ஒரு நாள் மறுபடி வந்தால் நான் சேலத்தில் இருப்பேன். அந்த நாளின் விலை என்ன என்று எந்தக் கடைக்காரரிடம் கேட்பது?

வீட்டுக்கு வந்து நோட்டை மறுபடியும் விரித்தேன். தண்ணீர் ஊற்றும் பேட்டரி விலை குறைவு, ஆனால் நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டும். லித்தியம் பத்து வருடம் என்கிறார்கள். பத்து வருடத்தால் வகுத்தேன். லித்தியம் கொஞ்சம் மலிவாக வந்தது. அந்தப் பத்து வருடம் கடைக்காரர் வாய்வார்த்தை என்று நினைத்து ஏழால் வகுத்தேன். இப்போது கொஞ்சம் கூடுதலாக வந்தது. பத்து வருடம் கழித்து இந்த வேலை இருக்குமா என்று யோசித்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார். எது குறைவாகக் கரண்ட் குடிக்கும்? நூறைத் தாண்டினாலும் பயமில்லை என்று ஆபீஸில் கேட்டுவிட்டு வந்தவர்தான். பழக்கம் போகவில்லை.

நாமக்கல் கடைக்காரரிடம் கேட்டேன். தண்ணீர் பேட்டரி சார்ஜ் ஏறும்போதே நிறைய வீணாக்கும், லித்தியம் மிகக் குறைவு என்றார். என் லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் மட்டும் என்றால் ஒன்றரை நாள் தாங்குமாம். மற்ற கணக்கெல்லாம் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றதால் இதை வைத்தே முடிவெடுத்தேன். சரியான முடிவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் சேமிப்பிலிருந்து முன்பணம் அனுப்பினேன். போனுக்கே ரசீது வந்தது. அதில் பொருளின் விலை, வரி, மொத்தம் என்று எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. மானியம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு சின்னக் கோடு.

டீம் லீடருக்குக் கடிதம் எழுதுவதுதான் பாக்கி. அப்பா ஒரு யோசனை சொன்னார். மூன்று தேதிக் கடிதத்தை அனுப்பிவிட்டு மற்ற இரண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடு, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மாவோ, நான் அந்த லீடர் பொண்ணுகிட்டப் பேசறேன், என்மேல தப்புன்னு சொல்றேன் என்று நின்றார். அம்மா அணைத்துவிட்டார் என்று ஒரு கம்பெனிக்கு எழுதுவதை நினைத்தாலே எனக்குக் கூசியது. படித்துவிட்டு வந்தவள், கரண்ட் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கத் தெரியாமல் இரண்டு தடவை பொய் சொல்லியிருக்கிறாள் என்றுதானே படிப்பார்கள்? மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். ஒன்றில் அம்மாவைப் பற்றி இல்லை. ஒன்றில் அம்மாவைப் பற்றி மட்டுமே இருந்தது. மூன்றாவதில் ஆங்கிலம் நன்றாக இருந்தது, ஆனால் என்ன நடந்தது என்று யாருக்கும் புரியாது.

கடைசியில் எழுதியது சிறியது. ஐந்து நாளில் மூன்று நாள் கரண்ட் இல்லை, கடிதம் இணைத்திருக்கிறேன். மற்ற இரண்டு நாள் எங்கள் வீட்டில் மோடத்தின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது, நான் சரியாகப் பார்க்காமல் கரண்ட் போனதாக உங்களுக்குச் சொன்னேன், தவறு என்னுடையது. இப்போது மோடம் என் அறைக்கு வந்துவிட்டது, பேட்டரிக்கு முன்பணம் கட்டிவிட்டேன், ரசீது இணைத்திருக்கிறேன். மலையிலிருந்தே வேலையைத் தொடர அனுமதி கேட்கிறேன்.

மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. இன்று காலை எட்டரைக்கு, கரண்ட் இருக்கிறதா என்று அதன் விளக்கு காட்டட்டும் என லேப்டாப்பை வேண்டுமென்றே சார்ஜிலேயே விட்டுவைத்து, அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டேன்.